கூடுதலாக ஒரு தாத்தா

அத்தியாயம் 3

எங்கள் தொழிலில் நகைகள் காணாமல் போகும். கணவர்கள் காணாமல் போவார்கள். தீப்பிடித்து எரிந்துவிட்டதாகக் காப்பீடு கேட்ட ஒரு மரக்கிடங்கு, எரிவதற்கு முன்பும் அந்த இடத்தில் இருந்ததில்லை என்று ஒருமுறை கண்டுபிடித்தோம். ஆனால் ஒன்று கூடிப்போய்விட்டது என்று யாரும் எங்களிடம் புகார் கொடுத்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் வரை.

"எதுங்க கூடிப்போச்சு?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"எலி."

எலி கூடுவது வழக்கம்தான், வருடக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று நான் ஆறுதல் சொன்னேன். மறுமுனையில் பேசிய பெண், ஆயுள் நீட்டிப்பு ஆய்வு நிலையத்தின் காரியதரிசி, பொறுமையாக விளக்கினாள். பூட்டிய அறை. பூட்டிய கூண்டு. நேற்று மாலை கூண்டுக்குள் ஒரே ஒரு வெள்ளைச் சுண்டெலி, வயது நான்கு வருடம் ஒரு மாதம், எண் முப்பத்தொன்பது, ஆண். இன்று காலை அதே கூண்டுக்குள் இரண்டு. இரண்டும் ஆண். இரண்டின் காதிலும் முப்பத்தொன்பதுக்கான வெட்டு அடையாளம். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கின்றன.

விபா அக்காவிடம் விவரத்தைச் சொன்னேன். நகோன் பதோம் நகரில், ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் முதலாளி அவர்தான். ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் மனுக்களில் பொய் தேடும் வேலை பார்த்தவர். இன்றைக்கும் யாராவது 'காலை வணக்கம்' சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வார். நான் அவருடைய உதவியாளன். என் பெயர் உவான். குண்டன் என்று அர்த்தம். பிறந்த குழந்தையை ஆவிகள் கண் வைக்கக்கூடாதென்று அம்மா வைத்த பெயர். ஆவிகள் ஏமாந்தனவா தெரியாது. நான் அந்தப் பெயரை முப்பத்தெட்டு வருடமாக உழைத்துக் காப்பாற்றி வருகிறேன்.

"வண்டியை எடு," என்றார் அக்கா. "வாழ்நாள்ல மொதல் தடவையா ஒருத்தர் லாபத்துக்குப் புகார் கொடுத்திருக்கார். பார்க்கணும்."

நிலையம் கால்வாய்க்கரையில் இருந்தது. வாசலில் ஒரு பெரிய விளம்பரப் பதாகை. அதில் சுண்டெலி நாற்பது, ஐம்பது மடங்காகப் பெருத்து, மாலை போட்டுக்கொண்டு சிரித்தது. கீழே, 'தாத்தாவைப் போல வாழுங்கள்.' வரும் வியாழக்கிழமை, ஒன்பதாம் தேதி, காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு ஒன்பதாம் மருந்து உலகுக்கு அறிவிக்கப்படும். ஒன்பது எங்கள் ஊரில் ராசியான எண். எட்டாம் மருந்து என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

பேராசிரியர் தம்ரோங் எங்களைக் கைகூப்பி வரவேற்றார். அறுபத்தெட்டு வயது, முதுமை, பரம்பரை நோய், மரபணு என்று நாற்பது வருடம் படித்தவர். எல்லோரும் அவரை 'ஆசான்' என்றார்கள். மெலிந்த மனிதர். பேசும்போது நம் நாற்காலியை நகர்த்தித் தருவார், நம் டீயை ஆற்றித் தருவார். இப்படிப்பட்ட மனிதரிடம் கெட்ட செய்தி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்குத் தோன்றியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் டீயைக் குடித்தேன்.

அவர் சொன்னது இது. சாதாரணச் சுண்டெலி இரண்டு, இரண்டரை வருடம் வாழும். ஒன்பதாம் மருந்து குடிக்கும் பன்னிரண்டு எலிகளில் ஒன்றுகூட இதுவரை சாகவில்லை. மூத்தவர் முப்பத்தொன்பது; செல்லமாகத் தாத்தா. வியாழக்கிழமை மேடையில் தாத்தாவைக் காட்டிவிட்டு, மனிதரில் முதல் ஆளாக மருந்தைக் குடிக்கப்போவது ஆசானின் மனைவி சுவன்னி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருப்பதில்லை. மூன்று வருடமாக வளர்ந்துவரும் மறதி நோய்.

"இதுக்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டாமா ஆசான்?" என்று அக்கா கேட்டார்.

"கமிட்டிக்குப் போனா ரெண்டு வருஷம் ஆகும். அவளுக்கு ரெண்டு வருஷம் இல்லம்மா." குரல் தழைந்தது. உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு, எனக்கு இன்னொரு பிஸ்கட் வைத்தார்.

போட்டிக் கம்பெனி யாரோ போலி எலியை நுழைத்து மேடையில் தன்னை அவமானப்படுத்தப் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. எது அசல், போலியை வைத்தது யார், இரண்டையும் நாளை மாலைக்குள் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: நிலைய ஊழியர்கள் யாரையும் விசாரிக்கக்கூடாது. எல்லோரும் நல்லவர்கள், மனம் கோணிவிடும்.

விசாரிக்காமல் துப்பறிவது, மெல்லாமல் சாப்பிடுவது மாதிரி. என்னால் முடியாது. அக்கா தலையாட்டினார்.

எலி அறையில், இரண்டு தாத்தாக்களையும் பிரித்து வைத்திருந்தார்கள். '39-அ', '39-ஆ' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அருகே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கூண்டுகளைப் பராமரிக்கும் புன்மா சித்தி. மூன்று வேளையும் பசைச்சோறு சாப்பிடும் ரோய்-எட் பக்கத்துக்காரர், தரையைப் பார்த்தபடியே பேசுகிறவர். மற்றவர் செத்த பிராணிகளை அறுத்து நோயைப் பார்க்கும் இளம் டாக்டர். பெயர் கோல்ஃப். அவன் அப்பா அந்த விளையாட்டை ஆடியதில்லை, டிவியில் ஒருமுறை பார்த்திருக்கிறார். டாக்டரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தரையில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அக்கா கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் சட்டைப்பையில் கைவிட்டார். காலையில் பன்றி இறைச்சிக் குச்சியோடு வாங்கிய பசைச்சோறு பொட்டலம் அதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கூண்டிலும் ஓர் உருண்டை போட்டார். 'அ' ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது, ரோய்-எட்டில் பிறந்தது மாதிரி. 'ஆ' மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப்போனது.

அப்புறம் சுவரைப் பார்த்தார். தாத்தாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் கொண்டாடி எடுத்த படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆசான், சுவன்னி அம்மா, நடுவில் கூண்டு. படத்துக்குப் படம் ஆசானுக்கு முடி நரைத்தது. அம்மாவின் கண் கேமராவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. நடுவிலிருந்த தாத்தா மட்டும் என்றைக்கும் மாப்பிள்ளைக் களையோடு இருந்தார்.

"நாலாவது படத்துல வால் நுனி இல்லை. அஞ்சாவதுல இருக்கு," என்றார் அக்கா.

ஆசான் முகம் மலர்ந்தது. ஆமாம், முளைத்துவிட்டது, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே வெளியிட்டிருக்கிறோம் என்றார். மரபணுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேசாக மாறுகிறது. அதற்கு இன்னொரு கட்டுரை. அந்தக் கட்டுரைக்குப் பரிசும் கிடைத்ததாம்.

வெளியே வரும் வழியில் அறிவிப்புப் பலகை முன்னால் அக்கா நின்றுவிட்டார். ஆய்வில் உயிர்விட்ட பிராணிகளுக்காக நிலையம் வருடாவருடம் பிக்குகளை அழைத்துப் புண்ணியம் செய்யும். இந்த வருடப் பட்டியல் ஒட்டியிருந்தது: சுண்டெலி இருநூற்றுப் பன்னிரண்டு, முயல் பதினான்கு, வரிமீன் அறுநூறு. ஒன்பதாம் மருந்துப் பிரிவு: எவரும் இல்லை.

வாசல் மாமரத்தடியில் ஐஸ் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அக்கா பேசினார்.

"ரெண்டும் போலி."

"ரெண்டுமா?"

"பல்லைப் பார்த்தியா? பால் மாதிரி வெள்ளை. மனுஷக் கணக்குல நூறு வயசு கெழவனுக்கு உன்னைவிட நல்ல பல்லு இருக்கு. ஒண்ணு பசைச்சோறு தின்னு வளர்ந்தது, இன்னொண்ணுக்கு அது என்னன்னே தெரியலை. ரெண்டு வேற வீடு. அப்ப ரெண்டு வேற ஆள், ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, ஆளுக்கொண்ணு வச்சிருக்காங்க."

"எதுக்கு வைக்கணும்?"

"கூண்டு காலியா இருந்ததால."

தாத்தா செத்துப்போனார். கண்டுபிடித்தவர் ஆசானிடம் சொல்லவில்லை. சொல்ல எப்படி வரும்? அந்த மனிதர் நமக்குப் பிஸ்கட் வைக்கிறார். எனக்கே, எலி இரண்டும் போலி என்று உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அக்காவிடம் கேட்டேன். அவர் காப்பிக் குழலைக் கடித்துக்கொண்டு, சொல்ல வாயெடுத்தேன், நாற்காலியை நகர்த்தித் தந்தாரே என்றார்.

எங்கள் ஊரின் தேசிய நோய் இது. தாட்சண்யம். பெரியவர் மனம் கோணக்கூடாதென்று நம் வாயை நாமே தைத்துக்கொள்வது. பல் பிடுங்கும் டாக்டர் தவறான பல்லைப் பிடுங்கினால் நன்றி சொல்லிவிட்டு மறுவாரம் சரியான பல்லுக்கு வருவோம்.

"சரி, துப்பு எங்கக்கா?"

"பொய் மனு எழுதறவனை எனக்குத் தெரியும் உவான். உசுரோட இருக்கறவங்களுக்கு எத்தனை பொய் வேணா சொல்லுவான். செத்ததுக்குச் சொல்ல மாட்டான். செத்த உயிருக்கு யாராவது புண்ணியம் பண்ணி நீர் வார்க்கணும். நிலையத்துப் பட்டியல்ல போட முடியாது. அப்ப எங்க போவாங்க?"

பின்னால், கால்வாய்க்கு அந்தப்பக்கம், கோயிலின் பொன்கூரை வெயிலில் மின்னியது.

கோயிலில் ஒரு பிக்கு எங்களை உட்காரச் சொல்லிக் கேட்டார். ஆமாம், நிலையத்தில் வேலைபார்க்கும் ஓர் அம்மா அடிக்கடி வருவார். மஞ்சள் வாளியில் தானப்பொருள் கொண்டுவருவார். செத்தவர் பெயரைத் தாளில் எழுதிக் கொடுப்பார். ஆனால் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். செத்தவருக்கு அது போய்ச்சேர்ந்தால் போதும் என்று நாங்கள் ஓதிவிடுவோம். தாளா? நீர் வார்த்தவுடன் எரித்துவிடுவோமே.

நான் சோர்ந்துபோனேன். எங்களிடம் இருந்த ஒரே ஆவணம் சாம்பலாகிவிட்டது.

பிக்கு கொஞ்சம் தயங்கி, தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வாசலில் லாட்டரிச் சீட்டு விற்கும் தவி பெரியப்பாவைப் பார்க்கச் சொன்னார்.

தவி பெரியப்பா அரசமரத்தடியில் மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் தேதிவாரியாக எண்கள்.

"ஒரு பொம்பளை, கண்ணுல தண்ணியோட, கோயில்ல வந்து பேர் எழுதாம நம்பர் எழுதிக் குடுக்குதுன்னா என்ன அர்த்தம்? சாமி குடுக்கற நம்பர்னுதானே அர்த்தம்? எரிக்கறதுக்கு முன்னாடி எட்டிப் பார்த்து எழுதிக்குவேன். முப்பத்தொம்பது ஏழு தடவை வந்திருக்கு தம்பி. ஏழு தடவையும் வாங்கினேன். ஒரு தடவைகூட விழலை. தொண்ணூத்திமூணு விழுந்துச்சு ஒருக்கா. நான்தான் திருப்பிப் படிக்காம விட்டுட்டேன்."

அந்த அம்மா இனி எழுதிக் கொடுக்கும் எண்ணை வாங்க வேண்டாம் என்று அக்கா அவருக்கு யோசனை சொன்னார். அதெப்படி, இத்தனை தடவை விழாததால் இனிமேல்தான் விழும் என்று அவர் விளக்கினார். ஆசானின் மூன்றாவது கட்டுரையை இவர் எழுதியிருக்கலாம்.

அக்கா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முப்பத்தொன்பதின் கீழும் நகத்தால் கோடு போட்டார். கடைசித் தேதி நேற்று, திங்கள். அதற்கு முந்தையது அதிலிருந்து ஆறு மாதம் முன்பு. அதற்கு முந்தையது இன்னும் ஆறு மாதம். அப்படியே பின்னோக்கி. நடுவில் முப்பத்திநான்கு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு. அவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து போயின.

"உவான், அந்த நிலையத்துல நாலு வருஷத்துல உருப்படியா நடந்த ஆராய்ச்சி இது ஒண்ணுதான்."

நான் வழக்கம்போல ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மருந்து குடிக்காத எலி இரண்டு வருடம் வாழ்கிறது. மருந்து குடித்த எலி ஆறு மாதத்தில் சாகிறது. வியாழக்கிழமை ஒன்பது ஒன்பதுக்குச் சுவன்னி அம்மா வாயைத் திறப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவி பெரியப்பாவிடம் நோட்டைக் கடனாகக் கேட்டு வாங்கி, வண்டியை எடுத்தேன்.

நிலையத்தில் அக்கா யாரையும் விசாரிக்கவில்லை. நிபந்தனை நிபந்தனைதான். புன்மா சித்தியின் கையில் நோட்டைக் கொடுத்து, அருகில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவே. சித்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு கூண்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கேட்காததையெல்லாம் சொன்னார்.

முயல் பிரிவிலிருந்து இந்த அறைக்கு மாற்றிய மூன்றாம் மாதம், தாத்தா செத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் சுவன்னி அம்மாவுக்கு இன்ன நோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆசான் அங்கிருந்து நேராக இங்கே வந்து, கதவைத் திறக்காமலே தாத்தா எப்படி இருக்கார் என்று கேட்டார்.

"நல்லா இருக்காருன்னு சொல்லிட்டேம்மா. வேற என்ன சொல்ல முடியும், அந்த மூஞ்சியைப் பார்த்து? ஒரு தடவை நல்லா இருக்காருன்னு சொல்லிட்டா, அப்புறம் அவர் நல்லாத்தானே இருக்கணும்."

குட்டிகளை வளர்க்கும் அறையிலிருந்து ஒன்றை எடுத்துக் காதை வெட்டி வைத்தார். அது ஆறு மாதத்தில் செத்தது. இன்னொன்று வைத்தார். இப்படியே.

டாக்டர் கோல்ஃப் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போய், குளிர்பெட்டியின் பின்வரிசையிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தான். முன்பு இரண்டு முறை, வேறு எண் எலிகள் செத்துக் கிடந்ததை அவனே பார்த்து, அவனே மாற்றியிருக்கிறான். ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை, அறுத்துப் பார்த்தான். குப்பிக்குள் இருந்த ஈரல், சட்டியில் அடிப்பிடித்தது மாதிரி இருந்தது. நேற்று மாலை அவன் வந்தபோது தாத்தாவின் கூண்டு காலி. சித்தி அப்போதுதான் செத்ததை எடுத்துக்கொண்டு வேறொன்று கொண்டுவரப் போயிருந்தார். வியாழக்கிழமை மேடையில் காலிக் கூண்டா என்று பதறி, மாணவர்களின் பயிற்சி அறையிலிருந்து ஓர் எலியைக் கொண்டுவந்து, காதை வெட்டி விட்டான். அது அட்டைக் குழாய்க்குள் ஒளிந்துகொண்டது. சித்தி திரும்பிவந்து, தன்னுடையதை விட்டுப் பூட்டினார்.

"சித்தி மாத்தறாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றான் கோல்ஃப். "மத்த பத்து எலியும் சாகாததைப் பார்த்து, நான் பார்த்த ரெண்டுக்கும்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

இப்போது ஆசானிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. சித்தி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். பொய் மனுக்காரர்களை இருபத்திரண்டு வருடம் அழவைத்த விபா அக்கா, தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். காரியதரிசி வந்து டீ வைத்தாள். குடித்தோம். பதினோரு நிமிடம் ஆயிற்று. கடிகாரம் எனக்கு நேராக இருந்ததால் தெரியும்.

"ஒரு வயசான அம்மா செத்துப்போவாங்க," என்றேன் நான், யாரையும் பார்க்காமல்.

அக்கா எழுந்தார். எல்லோரும் அவர் பின்னால் போனோம்.

ஆசான் நோட்டைப் பார்த்தார், குப்பிகளைப் பார்த்தார். பிறகு, ஒரு வரைபடத்தை எடுத்து அழகாக விளக்கினார். ஏதோ ஒன்றிரண்டு மாறியிருக்கலாம், அதற்காக மருந்தின் மொத்தப் பலனையும் மறுக்க முடியாது என்றார். அவர் விளக்கிய விதத்தில் எனக்கே அந்த மருந்தில் இரண்டு சொட்டுக் கேட்கலாம் போலிருந்தது. அக்கா அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தாத்தா பொறந்து நாப்பத்தொம்பது மாசம் ஆசான். நோட்டுல மொதல் முப்பத்தொம்பது, பொறந்த பதிமூணாம் மாசத்துல இருக்கு. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு, பிசகாம. மத்ததெல்லாம் ஆறு மாசம் வாழ்ந்திருக்கு, மொதல் எலி மட்டும் எப்படிப் பதிமூணு மாசம் வாழ்ந்துச்சு?"

ஆசான் வரைபடத்தைச் சுருட்டினார்.

"வாழலை. நடுவுல இன்னொண்ணு செத்திருக்கு. ஏழாம் மாசம்னு வைங்க. அப்ப சித்தி முயல் பிரிவுல இருந்தாங்க. டாக்டர் இங்க வேலைக்கே வரலை. அறைச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு."

ஆசான் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மொதல் எலியை நான்தான் மாத்தினேன்," என்றார் ஆசான்.

அப்போதுதான் சுவன்னி அம்மாவுக்குச் சின்னச் சின்ன மறதிகள் தொடங்கியிருந்தன. தினமும் நாலு மணிக்கு வந்து தாத்தாவுக்குக் கொய்யாத்துண்டு கொடுப்பார். தாத்தா செத்த அன்றைக்கு மட்டும் ஆசான் ஒப்புக்கு ஒன்றை வைத்துவிட்டு மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தார். மறுநாள் முடியவில்லை. அதன்பின், வைத்த எலி சாகவே இல்லை. மாதங்கள் போயின, வருடங்கள் போயின, அது ஓடி ஆடிக்கொண்டிருந்தது. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அவர் நம்பினார். முதல் எலியின் சாவுதான் விபத்து என்று எண்ணிக்கொண்டார்.

உலகத்தில் தன் பொய்க்குத் தானே ஏமாந்த மனிதர்கள் நிறைய. தான் சொன்ன பொய்யை, தன் ஊழியர்கள் அன்பாக மூன்று வருடம் காப்பாற்றித் தந்து, அதில் ஏமாந்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். பிஸ்கட் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புன்மா சித்தி அதுவரை தரையைப் பார்த்தவர், முதல்முறையாக ஆசானை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மொதல் தாத்தாவை எங்க வச்சீங்க?"

"குப்பையில போட்டேன் சித்தி."

"நீர் வார்க்கலையா?"

"இல்லை."

நாலு வருடப் பொய், கட்டுரைகள், பரிசு எதுவும் சித்தியை உலுக்கவில்லை, இது உலுக்கிவிட்டது. ஒரு தாளை எடுத்து, முப்பத்தொன்பது என்று எழுதி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாலு மணிக்குச் சுவன்னி அம்மா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கொய்யாத்துண்டுகள் இருக்கும் டப்பா. அறையில் இத்தனை பேரைப் பார்த்து, பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் பார்ப்பது போல ஒரு முறை எண்ணினார்.

"தாத்தா எப்படி இருக்கார்?"

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேர் வாயிலும் 'நல்லா இருக்கார்' என்பது தயாராக இருந்தது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"செத்துட்டார் சுவன்னி," என்றார் ஆசான். எழுந்து, அவருக்கு நாற்காலியை நகர்த்தித் தந்தார். "ஒரு தடவை இல்லை. எட்டு தடவை."

அம்மா டப்பாவை மேசைமேல் வைத்தார். காலையில் சாப்பிட்டது நினைவில்லாத அந்தப் பெண்மணியின் விரல்கள் மேசையில் எதையோ எழுதின.

"வயசு?"

"நாப்பத்தொம்பது மாசம்."

"நாப்பத்தொம்பதை எட்டால வகுத்தா ஆறு. மீதி ஒண்ணு." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு நீங்க ஏதோ குடுக்கறதா இருந்தீங்களே. இதுதானா?"

"ஆமா."

"அப்ப வேண்டாம்," என்றார் அம்மா, யாரோ இன்னொரு கரண்டிச் சோறு போட வந்ததுபோல. பிறகு ஆசானின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆசானின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராக வெளியே வந்தோம். கோல்ஃப் அந்த இரண்டு குப்பிகளைக் கையிலேயே வைத்திருந்தான்.

வியாழக்கிழமை அறிவிப்பு நடக்கவில்லை. பதாகையை இறக்கினார்கள். ஆசான் தன் கட்டுரைகளையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைகளுக்கு எழுதினார். வால் முளைத்த கட்டுரையை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. வெவ்வேறு நாடுகளில் முப்பத்தொரு ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பித் தங்கள் எலிகளுக்கும் வால் முளைத்ததாக எழுதியிருந்தார்கள், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுவாரம் எங்கள் அறிக்கையைக் கொடுக்கப் போனோம். பேச்சு முடிந்து கிளம்பும்போது மணி நாலு. சுவன்னி அம்மா கொய்யா டப்பாவோடு உள்ளே வந்தார்.

"தாத்தா எப்படி இருக்கார்?"

ஆசான் எங்களைப் பார்த்து, தினமும் இப்படித்தான் என்பதுபோலத் தலையசைத்தார். எழுந்துபோய் நாற்காலியை நகர்த்தினார்.

"செத்துட்டார் சுவன்னி. எட்டு தடவை."

அம்மா உட்கார்ந்தார். வயது கேட்டார். விரலால் வகுத்தார். முகம் கொஞ்சம் வாடி, பிறகு தெளிந்தது. ஆசானின் கன்னத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"நல்லவேளை, உடனே என்கிட்ட சொன்னீங்க," என்றார்.